நாற்பத்தாறு வயதில் கீபோட் பழகப் போனேன்

ஒரு ஸ்தாயியின், அதாவது ச முதல் நி வரை உள்ள கட்டைகளின், அகலம் ஆறரை அங்குலம். ஏழு வெள்ளைக்கட்டையும் ஐந்து கறுப்புக்கட்டையும் அந்த ஆறரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். பெரிய பியானோவிலும் அப்படித்தான், முழு அளவுக் கட்டை உள்ள கீபோட்டிலும் அப்படித்தான். தையல் அளவுநாடாவை வைத்து நானே அளந்து பார்த்தது இது. 2022 பங்குனிக் கடைசியில் கரண்ட் இல்லாத ஒரு பின்னேரம், எங்கள் கீபோட் வகுப்பில் இருந்த ஆறு பேருக்கும் பெட்டி மட்டையில் கட்டைகள் வரைந்து வெட்டிக் கொடுக்க வேண்டி வந்தது. மட்டையில் சத்தம் வராது. ஆனாலும் இன்றைக்கு இரண்டு கையாலும் நான் ஏதோ வாசிக்கிறேன் என்றால், அதில் அந்த மட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் தையல் வேலை செய்கிறேன். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் எங்கள் ஊர். வீட்டு விறாந்தையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். பள்ளிச் சீருடை, சாறிச் சட்டை, திருவிழாக் காலத்துப் பாவாடை என்று வருடம் முழுக்க வேலை இருக்கும். சின்ன வயதில் பக்கத்துத் தேவாலயத்தில் ஓர்கன் கேட்டால் வேலியோரம் அப்படியே நின்றுவிடுவேன். பழக வேண்டும் என்று வாய் திறந்து கேட்கிற நிலைமை அப்போது வீட்டில் இல்லை. பிறகு இடம்பெயர்வு, கலியாணம், பிள்ளைகள், 2009, முகாம், மீள்குடியேற்றம். கூரை, கிணறு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆசை மட்டும் அதே இடத்தில் நின்றது.

2016 இல் ஒரு முறை துணிந்து போனேன். நகரத்தில் ஒரு கீபோட் வகுப்பு. என்னைத் தவிர எல்லாரும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். எல்லாரும் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து போய் எல்லாருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து. என் முறை வரும்போது கை குளிர்ந்துவிடும். பிள்ளைகள் சிரிக்கவில்லை, பாவங்கள். ஆனால் எனக்காகக் காத்திருந்து காத்திருந்து அவர்களுக்கு அலுத்துப்போனது தெரிந்தது. நான்கு மாதத்தில் நின்றுவிட்டேன். என் விரல் வளைகிற வயது போய்விட்டது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

அந்த முடிவு பிழை. விரலில் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்த வகுப்பின் வேகமும் ஒழுங்கும் பிள்ளைகளுக்கென்று அமைந்தவை, அவ்வளவுதான். என்னைப் போலவே ஒரு தரம் போய்ப் பார்த்து, "இனி என்னத்துக்கு" என்று வீட்டில் இருந்துவிட்ட பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2022 தையில் ஒரு பிள்ளை சாறிச் சட்டை தைக்கக் கொண்டுவந்தா. தேவாலயத்தில் பாடகர் குழுவுக்குக் கீபோட் வாசிக்கிறவ. அளவு எடுக்கும்போது கதை கதையாய் வந்து, என் பழைய கதையையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தனிய வேண்டாம் அக்கா. உங்கட வயசில நாலைஞ்சு பேரைச் சேருங்கோ. ஞாயிறு பின்னேரம் நான் வாறன்" என்றா. வயதில் என்னைவிடப் பதினைந்து இளையவ. அன்றிலிருந்து எங்களுக்கு அவ ரீச்சர்.

ஆள் சேர்ப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு கிழமையில் ஐந்து பேர் சேர்ந்தோம். தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர். ஷெல் விழுந்த நாளிலிருந்து அவருக்கு வலக்காது சரியாகக் கேட்காது. முன்பள்ளி ஆசிரியை ஒருவர். இளவயதில் வாய்ப்பாட்டு பழகி, வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளும் எழுதியவர். மோட்டார் சைக்கிள் திருத்துகிற தம்பி ஒருவர். இடக்கையில் சின்னவிரலும் மோதிரவிரலும் இல்லை. ஐந்தாவது நான். காலபோக அரிவி வெட்டு முடிந்த பிறகு ஒரு வயல்கார அண்ணையும் வந்து சேர, ஆறு ஆனோம். இடம், முன்பள்ளிக் கட்டடம். கீபோட் மூன்று: ரீச்சரின் ஒன்று, ஐயா மகளின் ஒன்று, நான் பழையதாக வாங்கிய ஒன்று.

முதல் நாள் ரீச்சர் புத்தகம் கொண்டுவரவில்லை. ச ரி க ம சொல்லித் தரவுமில்லை. "வெள்ளைக்கட்டையைத் தொடாதேங்கோ. கறுப்பில மட்டும் எங்க வேணுமெண்டாலும் அமத்துங்கோ" என்றார். தானே கீழே இரண்டு கறுப்புக்கட்டைகளை மாறி மாறி மெல்ல அமத்திக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடை அக்கா ஒரு விரலால் ஒன்றைத் தொட்டார். பிறகு நான். பிறகு ஐயா. என்ன தொட்டாலும் கேட்க நன்றாகவே இருந்தது. பிழையான சத்தம் என்று ஒன்று வரவே இல்லை. பத்து நிமிடம் அப்படியே போனது. முன்பள்ளி ஆசிரியைதான் முதலில் பிடித்தார்: "ரீச்சர், இது மோகனமெல்லோ!"

மோகன ராகம்தான். கறுப்புக்கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் கூடி நிற்கும். மூன்று நிற்கிற கூட்டத்தின் முதற்கட்டையை ச என்று வைத்துக்கொண்டு கறுப்பிலேயே ஏறினால் மோகனம். அதே கூட்டத்தின் இரண்டாவதை ச ஆக்கினால் மத்தியமாவதி. மூன்றாவதை ஆக்கினால் இந்தோளம். இரண்டு நிற்கிற கூட்டத்தின் முதற்கட்டையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டாவதிலிருந்து சுத்த தன்யாசி. ஐந்தே கட்டை, ஐந்து ராகம். இதை எங்கள் முன்பள்ளி ஆசிரியைதான் அடுத்த கிழமை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவந்து காட்டினார். ரீச்சருக்கே அது புதிது. அவர் மேற்கத்திய முறையில் பழகியவர், இவர் கர்நாடக முறையில் பழகியவர். இரண்டு பேரும் அன்று கதைத்த கதையை நாங்கள் வாய் பார்த்துக்கொண்டிருந்தோம். குழுவாகப் பழகுவதில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். அறிவு ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை.

பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நினைக்கிற யாரும் கறுப்புக்கட்டையில் தொடங்குங்கள். பிள்ளைக்குப் பிழை ஒரு விளையாட்டு. எங்கள் வயதில் பிழை வெட்கம். முதல் நாளே வெட்கப்படாமல் வீட்டுக்குப் போனால், அந்த ஆள் அடுத்த கிழமை வருவார்.

சரி, ஆறுதலாகப் பழகுவது என்றால் என்ன? எங்கள் வகுப்பில் பரீட்சை இல்லை. தனியாக வாசித்துக் காட்டச் சொல்வதில்லை. ஒரு கிழமை வராமல் விட்டால் ஏன் என்று கேட்பதில்லை. வந்ததும் பக்கத்தில் இருப்பவர் போன கிழமை நடந்ததைக் காட்டிக் கொடுப்பார். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போது மிக மெதுவாக வாசிக்கிறவரின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். ஆனால் ரீச்சர் ஒரு நாளும் வெறுங்கையோடு வந்ததில்லை. அந்தக் கிழமைக்கு ஒரே ஒரு புது விஷயம், அதை ஆறு பேருக்கும் ஆறு விதமாகப் பிரித்து வைத்திருப்பார். அவசரம் இல்லாமல் இருக்க எவ்வளவு ஆயத்தம் வேண்டும் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. ஆயத்தம் இல்லாத ஆறுதல் இரண்டு மாதத்தில் தேத்தண்ணிக் கூட்டமாகப் போய்விடும். நாங்களும் தேத்தண்ணி குடிப்போம். கொழும்புப் பக்கம் போய் வந்தவர் யாராவது முறிகண்டியில் கச்சான் வாங்கி வந்திருப்பார். ஆனால் அது பாதி நேரத்தில், பதினைந்து நிமிடம்.

வேகம் பற்றி ஒரு சிக்கலும் வந்தது. தபால்கார ஐயாவுக்கு வீட்டிலேயே கீபோட் இருந்ததால் நாளுக்கு இரண்டு மணி நேரம் பழகுவார். மூன்றாம் மாதம் எங்களைவிட வெகுதூரம் போய்விட்டார். வகுப்பில் காத்திருப்பது அவருக்குச் சிரமமாக இருந்தது. எங்களுக்கும் அவர் பக்கத்தில் கை கூசியது. ரீச்சர் அவரை மெதுவாக்கவில்லை. அதே பாட்டுக்கு மேலே ஒரு இரண்டாம் மெட்டை எழுதிக் கொடுத்தார். நாங்கள் கீழே நேராக நடக்க, அவர் மேலே சுற்றி வருவார். அதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஒருவர் முந்தினால் அவருக்குக் கூடுதல் வேலை, ஒருவர் பிந்தினால் அவருக்குக் குறைந்த கட்டை. பாட்டு எல்லாருக்கும் ஒன்று.

இதற்கு நல்ல வழி, ஒரு ‘கோட்’ (chord) எடுத்து மூன்று பேருக்குப் பங்கு போடுவது. கோட் என்பது மூன்று சுரம் சேர்ந்து ஒலிப்பது. ச-க-ப ஒன்று, ச-ம-த ஒன்று, நி-ரி-ப ஒன்று. இந்த மூன்றும் தெரிந்தால் எத்தனையோ பாட்டுக்குத் துணை வாசிக்கலாம். ஆனால் புதிதாகப் பழகுகிறவரின் ஒரே கை மூன்றுக்கும் மாறுவது பெரிய பாடு. எங்கள் ரீச்சர் மூன்று பேரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் ஒரே விரல் கொடுத்தார். முதலாமவர் ச, ச, நி. இரண்டாமவர் க, ம, ரி. மூன்றாமவர் ப, த, ப. ஒருவரும் தன் இடத்தை விட்டு அதிகம் நகரத் தேவையில்லை. மூன்றும் ஒன்றாக விழும்போது அறை நிறைந்துவிடும். ஒருவர் தவறவிட்டால் நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை கேட்கும். அந்த ஓட்டையைக் கேட்கப் பழகியதுதான் எனக்குக் கிடைத்த பெரிய பயிற்சி. தனியாக இருந்து மூன்று விரலால் அமத்தியிருந்தால், ஒவ்வொரு சுரமும் என்ன வேலை செய்கிறது என்று எனக்குக் காதில் ஏறியிருக்காது.

அந்த வருடப் பங்குனியில் மின்வெட்டு வந்தது. நாடு முழுக்க ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத காலம். என் கீபோட்டுக்கு ஆறு சின்ன பற்றரி போடலாம். பற்றரி விலை எட்டாத உயரத்தில் நின்றது. பெற்றோலுக்கு வரிசை. ரீச்சர் ஸ்கூட்டரை வீட்டில் விட்டுவிட்டு வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார். ஒரு ஞாயிறு, மூன்று கீபோட்டும் செத்த உடம்பு மாதிரிக் கிடந்தன. "இண்டைக்கு விடுவம்" என்று யாரோ சொன்னார்கள். சைக்கிளில் வந்தவரைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. கடை அக்காவிடம் பிஸ்கட் பெட்டி மட்டை கேட்டு வாங்கினேன். அளவுநாடா, அடிமட்டம், கறுப்பு மார்க்கர். 61 கட்டை உள்ள கீபோட்டில் வெள்ளைக்கட்டை மட்டும் 36. எல்லாம் சேர்த்து 33 அங்குலம் வரும். அவ்வளவு நீளம் மட்டையில் கிடைக்கவில்லை. ஆளுக்கு இரண்டு ஸ்தாயி, பதின்மூன்று அங்குலம் போதும் என்று வெட்டினேன்.

சத்தம் வராத கட்டையில் என்ன செய்வது? பாடினோம். விரல் எந்தக் கட்டைக்குப் போகிறதோ அந்தச் சுரத்தை வாயால் பாட வேண்டும். ஆசிரியை சுருதி பிடித்துக் கொடுப்பார், நாங்கள் மட்டையில் தட்டிக்கொண்டே பாடுவோம். முதலில் கூச்சம். ஐயாவின் குரல் உடைந்து உடைந்து வந்தது. ஆனால் இரண்டு மூன்று கிழமையில் ஒரு மாற்றம் தெரிந்தது. கீபோட்டில் நாங்கள் அமத்திவிட்டு, வந்த சத்தம் சரியா என்று பார்ப்போம். மட்டையில் அமத்த முன்னமே சத்தம் எங்கள் தலைக்குள் இருக்க வேண்டும். திரும்பவும் கரண்ட் வந்து கீபோட்டில் கை வைத்தபோது, விரல் போக வேண்டிய இடம் எனக்கு முன்கூட்டியே கேட்டது. 2016 இல் போன நான்கு மாத வகுப்பில் ஒரு தரமும் அப்படி நடந்ததில்லை.

வீட்டில் கீபோட் இல்லாத மூன்று பேர் அந்த மட்டையிலேயே கிழமை நாட்களில் பழகினார்கள். இன்னமும் சிலர் பழகுகிறார்கள். கீபோட் வாங்கக் காசு சேர்கிறவரை காத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது இந்த அனுபவத்தில்தான். ஒரு ஸ்தாயிக்கு ஆறரை அங்குலம், அதை ஏழாகப் பிரித்தால் ஒரு வெள்ளைக்கட்டை. அளவு சரியாக இருக்க வேண்டும்; ஏனோதானோ என்று வரைந்தால் கை பிழையான தூரத்துக்குப் பழகிவிடும்.

திருத்துகிற தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவர் இடக்கையை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தார். வலக்கையால் மட்டும் வாசிப்பேன் என்றார். ரீச்சர் சரி என்றார், வற்புறுத்தவில்லை. இரண்டு மாதம் போனது. ஒரு நாள் கோட் பங்கு போடும்போது, அடியில் ஒரு கனத்த சுரம் வேண்டும், ச, ம, ப மூன்றும் போதும் என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார். பெருவிரல் ச. அதற்குக் கீழே உள்ள ப சுட்டுவிரலுக்கு. அதற்குப் பக்கத்து ம நடுவிரலுக்கு. அவரிடம் இருந்தது அந்த மூன்று விரல்தான். அந்த வேலைக்கு நான்காவது விரல் தேவையே இல்லை. கை மேசைக்கு மேலே வந்தது. இன்றைக்கும் எங்கள் அடிச்சுரம் அவர்தான். அவர் வராத ஞாயிறுகளில் பாட்டு தரையில் கால் படாமல் மிதக்கும்.

அதற்குப் பிறகுதான் ரீச்சர் பால் விட்கன்ஸ்டைன் என்ற பியானோக் கலைஞரைப் பற்றிச் சொன்னார். முதலாம் உலகப் போரில் வலக்கையை இழந்தவர். இடக்கை ஒன்றால் மட்டும் மேடைகளில் வாசித்தார். அவருக்கென்றே அந்தக் காலத்துப் பெரிய இசையமைப்பாளர்கள் இடக்கைக்கு மட்டும் இசை எழுதினார்கள். தம்பி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை வரும்போது நகம் வெட்டி, கிறீஸ் போகக் கை கழுவி, எல்லாருக்கும் முன்னமே வந்து இருந்தார். நம்முடைய மண்ணில் கையும் காதும் குறைந்தவர்கள் நிறையப் பேர். சொல்லிக் கொடுக்கிறவர்கள் "முழுக்கை" ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வரக்கூடாது. இருக்கிற விரலுக்கு எந்தச் சுரம் என்று பார்த்தால் வழி கிடைக்கும். கடை அக்கா கேட்கிற காதை ஸ்பீக்கர் பக்கம் வைத்து இருப்பார். கீபோட் பலகை மேசையில் இருந்தால் மற்றக் கை உள்ளங்கையைப் பலகையில் வைத்து அதிர்வையும் வாங்கிக்கொள்வார்.

வயல்கார அண்ணைக்கு வேறு பிரச்சினை. மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல். கறுப்புக்கட்டைகளுக்கு நடுவில் போனால் இறுகிக்கொள்ளும், பக்கத்துக் கட்டையும் சேர்ந்து அமரும். கையை வெளியே இழுத்து, வெள்ளைக்கட்டையின் முன் ஓரத்தில் வாசிக்கச் சொன்னார் ரீச்சர். பாதி சரியானது. மீதிப் பாதி, தோள்மூட்டில் இருந்தது. பழகத் தொடங்குகிற பெரியவர்கள் எல்லாரும் தோளைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாசிக்கிறோம். முன்பள்ளிப் பிளாஸ்டிக் கதிரை வேறு தாழ்வு. முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் வருகிற மாதிரிக் கதிரைக்கு மேல் மடித்த சாக்கு போட்டோம். மணிக்கட்டு வலி பாதிப் பேருக்கு அதோடு போய்விட்டது. கதிரை உயரத்தை முதல் நாளே சரிபார்த்திருக்க வேண்டும். நாங்கள் மூன்று மாதம் வலியோடு போராடினோம்.

எனக்கு வராதது இரண்டு கை. வலக்கை ஓடினால் இடக்கையும் கூடவே ஓடும். ரீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஒரு நாள் வீட்டில் தைத்துக்கொண்டிருக்கும்போது கவனித்தேன்: கால் ஒரே சீராக மிதிக்கிறது, இடக்கை துணியை நகர்த்துகிறது, வலக்கை வேண்டும்போது மட்டும் சில்லைப் பிடிக்கிறது. மூன்றும் மூன்று வேலை. இருபது வருடமாகச் செய்கிற ஒன்று. அன்றிரவு மெஷினை மூடி அதன் மேல் கீபோட்டை வைத்து, காலால் மிதியை மெல்ல மிதித்துக்கொண்டு, இடக்கையால் மிதிக்கு ஒரு சுரம், வலக்கையால் மெட்டு என்று பார்த்தேன். நான்காவது தடவை வந்துவிட்டது. கண்ணில் தண்ணி வந்தது, மறைக்கவில்லை. ஒவ்வொருவரின் தொழிலிலும் ஏதோ ஒரு தாளம் இருக்கும். தேடினால் கிடைக்கும்.

வீட்டுப் பயிற்சிக்கு நான் கண்ட வழி இதுதான். நாளுக்குப் பதினைந்து நிமிடம். அடுப்பில் சோறு வேகிற நேரம். முழுப் பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிற பழக்கத்தை விட வேண்டும். தெரிந்த இடம் நன்றாகவும், தடக்குகிற இடம் எப்போதும் தடக்கியபடியும் இருந்துவிடும். தடக்குகிற இரண்டு தாளத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு கையாக, விரல் எண்ணை வாயால் சொல்லிக்கொண்டு ஏழெட்டுத் தடவை. பெருவிரல் 1, சின்னவிரல் 5. ஐந்து விரலால் எட்டுச் சுரம் ஏறுவதற்கு வலக்கை 1-2-3-1-2-3-4-5; மூன்றாம் விரலுக்குக் கீழால் பெருவிரலைக் கடத்த வேண்டும். அந்தக் கடத்தல் எனக்கு ஒரு மாதம் எடுத்தது. இரண்டு கிழமை பழகாமல் இருந்துவிட்டு ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் இருப்பதால் பயனில்லை.

கீபோட் வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முழுப் பியானோவுக்கு 88 கட்டை. பழகத் தொடங்குகிறவர்களுக்கு 61 தாராளம். விளையாட்டுச் சாமான் மாதிரிச் சின்னக் கட்டை உள்ளதை வாங்காதீர்கள். மெல்லத் தொட்டால் மெல்லவும் அழுத்தினால் பெரிதாகவும் கேட்கிற வசதி கட்டாயம் இருக்க வேண்டும். பியானோ என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது. 1700 அளவில் இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த கருவியை மென்மையும் உரப்பும், பியானோவும் ஃபோர்ட்டேயும், இரண்டும் வருகிற கருவி என்றார்கள். பெயர் சுருங்கிப் பியானோ மட்டும் மிஞ்சியது. எப்படி அமத்தினாலும் ஒரே அளவு சத்தம் வருகிற கீபோட்டில் பழகினால் விரல் மரத்துப்போகும்.

அடுத்தது அடப்டர். எனக்குக் கீபோட் விற்றவர் அடப்டர் தரவில்லை. கடையில் முனை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து ஒன்றை வாங்கினேன். செருகிய அன்றே மணம் வந்தது. சில கீபோட்டுக்கு 9 வோல்ட்டு, சிலவற்றுக்கு 12. அதைவிட, முனையின் நடுப்பகுதி நேரா (+) எதிரா (-) என்பதும் கம்பனிக்குக் கம்பனி மாறும். கீபோட்டின் பின்பக்கத்தில் சின்ன வட்டப் படமாக அது போட்டிருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். திருத்துவதற்கு நான் இரண்டு மாதச் சம்பாத்தியம் கொடுத்தேன். ஐப்பசி மழைக்கு இடி முழங்கத் தொடங்கினால் செருகியைக் கழற்றிவிடுங்கள். எறும்பு கட்டைக்குள் கூடு வைக்கும், ஆகவே மூடாமல் விடக்கூடாது. பழைய பருத்திச் சாறியில் உறை தைத்துப் போட்டிருக்கிறேன், வகுப்புக்கே எல்லாம் நான் தைத்தது.

கர்நாடக சங்கீதத்தைக் கீபோட்டில் பழகலாமா என்றும் கேட்பார்கள். எங்கள் முன்பள்ளி ஆசிரியையின் பதில் எனக்குச் சரியாகப் படுகிறது. சுரத்தின் இடம், சுருதி, தாளம் மூன்றையும் விளங்கிக்கொள்ள நல்ல கருவி. கமகத்துக்கு இது போதாது, ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கி அசைந்து போகிற வழி இந்தக் கட்டைகளுக்கு இடையில் இல்லை. ராகம் பழக வேண்டும் என்றால் குரலிலோ வீணையிலோ வயலினிலோ பழக வேண்டும். ஆனால் பாடகர்கள் "ஐந்தரைக் கட்டை" என்று சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அந்தக் கட்டை இந்தக் கட்டைதான். மேற்கத்திய முறையில் சி (C) என்ற வெள்ளைக்கட்டை ஒன்றாம் கட்டை, டி (D) இரண்டு, இப்படியே ஜி (G) ஐந்து; அதற்கு அடுத்த கறுப்பு ஐந்தரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லை. இது விளங்கிய அன்று ஏதோ வீட்டுச் சாவி கிடைத்த மாதிரி இருந்தது.

வகுப்புக்கு எந்தப் பாட்டு எடுப்பது என்பதில் எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆரம்பப் புத்தகத்தில் இருக்கிற பிள்ளைப் பாட்டுகள் எங்களுக்கு ஒட்டவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு மெட்டைக் கொண்டுவர வேண்டும் என்று வைத்தோம். கடை அக்கா தன் அம்மா பாடிய தாலாட்டைக் கொண்டுவந்தார், நான்கே சுரம். வயல்கார அண்ணை, பேத்தியார் சொல்லிக் கொடுத்த அரிவி வெட்டுப் பாட்டு ஒன்றை முதலில் வெட்கப்பட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கட்டையில் அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஞாயிறு எடுத்தது. ஒரு சுரம் இரண்டு கட்டைக்கும் நடுவில் நின்றது. எந்தப் பக்கம் எடுத்தாலும் அண்ணை தலையை ஆட்டி, "இல்லை, அப்பிடி இல்லை" என்பார். கடைசியில் அந்த இடத்தில் நாங்கள் கையை எடுத்துவிட்டு அவரை மட்டும் பாடவிட்டோம். அந்தப் பாட்டு இப்போதும் அப்படித்தான். இயந்திரம் வெட்டுகிற காலத்தில் அந்தப் பாட்டை வயலில் யாரும் பாடுவதில்லை. எங்கள் முன்பள்ளியில் மாதத்துக்கு ஒரு தரமாவது கேட்கிறது.

குழு பெருத்தால் நன்றாக இருக்காது. ஒரு தரம் பத்துப் பேர் வந்தார்கள்; மூன்று கீபோட்டுக்குப் பத்துப் பேர் என்றால் பாதி நேரம் பார்த்துக்கொண்டு நிற்பதுதான். ஒரு கீபோட்டுக்கு இரண்டு பேர், ஒருவர் மேல்பக்கம் ஒருவர் கீழ்ப்பக்கம், அதற்கு மேல் வேண்டாம். வந்த நான்கு பேரை வேறு நாளுக்கு மாற்றினோம். ரீச்சருக்கு ஆளுக்கு ஒரு வகுப்புக்கு 200 ரூபா. முதலில் வேண்டாம் என்றார். வாங்காவிட்டால் நாங்கள் வரமாட்டோம் என்று சொல்லித்தான் கொடுத்தோம். இலவசமாக நடக்கிற ஒன்றை நம் ஆட்கள் மழை பெய்தால் விட்டுவிடுவார்கள். அரிவி வெட்டுக் காலத்தில் நாங்களே வகுப்பை நிறுத்திவிடுவோம். வேலையோடு சண்டை பிடித்து எந்தப் பழக்கமும் நிலைக்காது. மேலே போய்ச் சரியான பியானோ பழக வேண்டும் என்று யாருக்காவது வந்தால் தனி ஆசிரியரிடம் போகத்தான் வேண்டும். ஐயா இப்போது யாழ்ப்பாணத்துக்கு மாதம் இரண்டு தரம் பஸ்ஸில் போய் வருகிறார். ஞாயிறு பின்னேரம் மட்டும் எங்களோடுதான்.

போன வாணிவிழாவுக்கு மூன்று கீபோட்டையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். மட்டைகளையும் வைத்தோம். விஜயதசமி அன்று முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கினார்கள். அரிசியில் அகரம் எழுதி அழுத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் போன பிறகு, ஒரு பேரனைக் கொண்டுவந்த அம்மா மட்டும் வாசலில் நின்றார். அறுபத்தொரு வயது. "எனக்கும் தொடக்கலாமோ" என்று கேட்டார். ரீச்சர் அவரைக் கதிரையில் இருத்தி, முழங்கை மட்டம் பார்த்து, இரண்டு சாக்கு மடித்து வைத்தார். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து மூன்று கறுப்புக்கட்டையில் முதலாவதில் வைத்தார். தம்பி இடக்கையால் அடிச்சுரத்தைத் தொடங்கினார். நாங்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தோம்.